முதலில் தோள், பிறகு நீலம்: நெப்போலியன் காலத்து பிரெஞ்சு அதிகாரியை அடையாளம் காண்பது எப்படி?

[திரையில்: சாம்பல் நிற அடிப்பூச்சோடு 28 மி.மீ. படைவீரர் பொம்மை உருவம் ஒன்று மெதுவாகச் சுழல்கிறது]

வணக்கம். கையில் வாள், தலையில் ஷாகோ தொப்பி, மிடுக்கான நிற்பு. பெட்டியின் மேல் ‘பிரெஞ்சு காலாட்படை அதிகாரி’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். இவர் லெப்டினன்டா, கேப்டனா, கர்னலா? எந்த ஆண்டின் போருக்குப் புறப்பட்டவர்? இதையெல்லாம் கேட்காமலே நம்மில் பலர் நீல வண்ணக் குப்பியைத் திறந்துவிடுகிறோம். நீலம் எங்கேயும் ஓடிவிடாது. முதலில் தோளைப் பார்ப்போம்.

[திரையில்: இரு தோள்களும் நெருக்கமாக]

பிரெஞ்சு அதிகாரியின் தோளில் எப்பொலெட் எனப்படும் தோளணி இருக்கும். தோளின் மேல் கிடக்கும் பட்டை, அதன் முனையில் தொங்கும் குஞ்சம். பதவி முழுவதும் அந்தக் குஞ்சத்தில்தான் இருக்கிறது. இரண்டு தோளிலும் முறுக்கிய தடித்த குஞ்சம் இருந்தால் கர்னல். இடது தோளில் மட்டும் தடித்த குஞ்சம், வலது தோளில் வெறும் பட்டை என்றால் பட்டாலியன் தலைவர். அதே அமைப்பில் குஞ்சம் மெல்லிய இழைகளாக இருந்தால் கேப்டன். லெப்டினன்டுக்கும் கேப்டனைப் போலவேதான்; ஆனால் பட்டையின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு ஓடும். சப்-லெப்டினன்டுக்கு இரண்டு கோடுகள்.

அதாவது, பதவி குறையக் குறைய சிவப்பு கூடுகிறது. நம் கைக்கு வேலையும் கூடுகிறது! தங்கத்தின் மேல் சிவப்புக் கோடு இழுக்க முயன்றால் கை நடுங்கி எல்லாம் பாழாகும். பட்டை முழுவதையும் முதலில் சிவப்பாக்கிவிடுங்கள். பிறகு இரண்டு ஓரங்களிலும் தங்கம் பூசினால் நடுவில் ஒரு சிவப்புக் கோடு மிஞ்சும்: லெப்டினன்ட் தயார். நடுவிலும் ஒரு தங்கக் கோடு இழுத்தால் சிவப்பு இரண்டாகப் பிரியும்: சப்-லெப்டினன்ட்.

[திரையில்: ஒரே ஓவியம், நேராகவும் இடவலம் மாறியும்]

குஞ்சம் வலது தோளில், வெறும் பட்டை இடது தோளில் என்று ஓர் உருவம் கிடைத்தால் அது சிற்பியின் பிழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டாலியனின் நிர்வாகத்தைக் கவனித்த அட்ஜுடன்ட்-மேஜர் கேப்டன் அப்படித்தான் அணிந்தார். ஆனால் இணையத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வண்ணம் பூசுபவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். வாளுறை இடது இடுப்பில் தொங்குகிறதா? வலது இடுப்பில் தொங்கினால், யாரோ படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது உலோகம். லைன் எனப்படும் வழக்கமான காலாட்படைக்குத் தங்கம், லைட் எனப்படும் இலகு காலாட்படைக்கு வெள்ளி. பொத்தான், தோளணி, ஷாகோவின் மேல்விளிம்புப் பட்டை எல்லாம் ஒரே உலோகத்தில் அமையும். வேண்டுமென்றே இதைக் கலந்தவர் மேஜர் ஒருவர்தான். கர்னலைப் போல இரு தோளிலும் தடித்த குஞ்சம். ஆனால் லைன் படையில் குஞ்சம் தங்கமாகவும் பட்டை வெள்ளியாகவும் இருக்கும்.

இங்கே நான் சற்றுக் கறாரானவன். நீலம் கொஞ்சம் வெளுத்திருந்தால் மன்னிக்கலாம். அதிகாரியின் தோளில் சிவப்புக் குஞ்சம் பூசியிருந்தால் மன்னிக்க முடியாது. கிரெனடியர் எனப்படும் தேர்ந்தெடுத்த சிப்பாய்களுக்குச் சிவப்புத் தோளணி உண்டு என்பதற்காக அவர்களுடைய கேப்டனுக்கும் சிவப்பைப் பூசிவிடுகிறார்கள். லைன் படையில் எந்தக் கம்பெனியை நடத்தினாலும் அதிகாரிக்குத் தங்கம்தான்.

[திரையில்: இரண்டு கோட்டுகள் அருகருகே]

ஆண்டைச் சொல்வது கோட்டின் வெட்டு. மார்பின் வெள்ளை மடிப்புகள் கீழே வர வர விலகி, உள்ளே இருக்கும் வெள்ளை வெய்ஸ்ட்கோட் தெரிகிறதா? அது பழைய கோட்டு. ஆஸ்டர்லிட்ஸ் (1805), யேனா (1806), வாக்ராம் (1809) போர்களுக்குப் பொருந்தும். மடிப்புகள் இடுப்பு வரை நேராக மூடியிருந்தால் 1812 ஜனவரியில் வந்த புதிய விதிப்படி தைத்தது. 1813 முதல் வாட்டர்லூ (1815) வரைக்கும் சரி. மடிப்பே இல்லாமல் ஒற்றை வரிசைப் பொத்தானோடு இருந்தால் அது ‘சுர்தூ’ எனப்படும் எளிய கோட்டு. போர்ப்பயணங்களில் அதிகாரிகள் விரும்பி அணிந்தது; வெள்ளை மடிப்பு பூசும் தொல்லை இல்லாததால் நானும் விரும்புவது.

லைன் படையின் நிறங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அடர் நீலக் கோட்டு, வெள்ளை மார்பு மடிப்பு, சிவப்புக் காலர், சிவப்புக் கைப்பட்டை. இலகு காலாட்படையில் மார்பு மடிப்பும் கால்சட்டையும்கூட நீலம்தான். கழுத்துக்குக் கீழே பிறை வடிவத் தகடு தொங்கினால் அதிகாரி பணியில் இருக்கிறார். லைன் படையில் அது தங்க முலாம் பூசியது, நடுவே வெள்ளிச் சின்னம்.

வெள்ளைக் கோட்டு அணிந்த பிரெஞ்சுக்காரர்களின் ஓவியத்தைப் பார்த்துத் திகைத்திருக்கிறீர்களா? அதுவும் உண்மைதான். நீலச் சாயத்துக்கு அவுரி வேண்டும். அது கடல் வழியாக வர வேண்டும். கடலோ பிரிட்டன் கையில். அதனால் 1806-ல் காலாட்படையை வெள்ளைக்கு மாற்ற ஆணை பிறந்தது. சில ரெஜிமென்டுகள் அணியவும் செய்தன. திட்டம் விரைவிலேயே கைவிடப்பட்டது. மேசையில் ஒரு பட்டாலியன் மட்டும் தனித்துத் தெரிய வேண்டுமென்றால் 1807-ஐத் தேர்ந்தெடுங்கள்.

[திரையில்: ஜெனரல் உருவம், பிறகு ஹுஸார்]

ஜெனரல்களிடம் தோளைவிட இடுப்பைப் பார்ப்பது எளிது. பிரிகேட் ஜெனரலுக்கு வான்நீலமும் தங்கமும் கலந்த இடைக்கச்சை. டிவிஷன் ஜெனரலுக்குச் சிவப்பும் தங்கமும். மார்ஷலுக்கு வெள்ளையும் தங்கமும். காலரில் ஓக் இலைப் பூவேலை ஒரு வரிசை என்றால் பிரிகேட், இரண்டு என்றால் டிவிஷன்.

ஹுஸார் எனப்படும் இலகு குதிரைப்படையில் மட்டும் தோளைத் தேடாதீர்கள், அங்கே ஒன்றும் கிடைக்காது. கைப்பட்டைக்கு மேல் கூர்முனையாக மடங்கும் சரிகைக் கோடுகளை எண்ணுங்கள்: சப்-லெப்டினன்டுக்கு ஒன்று, லெப்டினன்டுக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று, ஸ்குவாட்ரன் தலைவருக்கு நான்கு, கர்னலுக்கு ஐந்து. 1/72 என்ற சிறிய அளவு உருவங்களில் ஐந்து கோடும் கையில் அடங்காது. அங்கே கர்னலை விட்டுவிட்டு ஒரு கேப்டனைப் பூசிக்கொள்ளுங்கள்.