747-க்கு ஜிபிஎஸ் வேண்டாம், எனக்கு இந்தச் சக்கரம் போதும்

வணக்கம் மக்களே. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். டக். டக். டக். கேட்டதா? ஹெட்போன் போட்டிருப்பவர்களுக்காக இன்னொரு தடவை. டக். அவ்வளவுதான் இன்றைய வீடியோ, போகலாம் என்று சொன்னாலும் எனக்குச் சம்மதமே. அத்தனை சந்தோஷம்.

இது தம்ப்வீல் சுவிட்ச். கட்டைவிரலால் உருட்டினால் சின்ன ஜன்னலில் 0 முதல் 9 வரை எண் மாறும். பழைய மெஷின்களில் டைமர் வைக்க இதைப் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் நான் ஓட்டும் நம் 747-200 விமானத்தில், ஐஎன்எஸ் என்ற வழிகாட்டும் கருவிக்கு ஒரு சிடியு உண்டு, அதாவது எண்பலகையும் சின்னத் திரையும் உள்ள பெட்டி. அதில் எந்த வேபாயின்ட்டை, அதாவது பாதையில் தாண்ட வேண்டிய எந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதும் இதே மாதிரி ஒரு சக்கரம்தான். இத்தனை நாளாக நான் அதை மவுஸால் உருட்டிக்கொண்டிருந்தேன். மவுஸ் வீலைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினால் 3-இலிருந்து 7-க்குத் தாவும். எத்தனை வீடியோவில் நான் அதைத் திட்டியிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

போன வீடியோ வந்ததிலிருந்து கமெண்டில் ஒரே கேள்வி. "அண்ணா, ஏன் இவ்வளவு கஷ்டம், பேனலில் ஒரு ஜிபிஎஸ் போட்டுவிட்டால் முடிந்ததே?" முடிந்ததுதான், எல்லாமே முடிந்தது. அப்புறம் எதற்கு அந்த விமானம்? 747 முதன்முதலாகப் பயணிகளோடு பறந்தது 1970 ஜனவரியில், பான் ஆம், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு. ஜிபிஎஸ் முழுதாக இயங்குகிறது என்று அறிவித்தது 1995-இல். நடுவில் இருபத்தைந்து வருடம் மூன்று ஐஎன்எஸ் பெட்டிகளை நம்பித்தான் கடல் தாண்டினார்கள். அந்த பேனலில் கலர் மேப் ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒட்டுபவர்கள் ஒட்டுங்கள், உங்கள் சிமுலேட்டர், உங்கள் இஷ்டம். நான் செய்ய மாட்டேன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாக. கேரசல் ஃபோர் என்பது டெல்கோ செய்த ஐஎன்எஸ். வெளியிலிருந்து எந்த சிக்னலும் இதற்குத் தேவையில்லை. கிளம்பும் இடத்தை நீங்கள் சொல்ல வேண்டும். அதன் பிறகு உள்ளே இருக்கும், திரும்புவதை உணரும் ஜைரோவும் வேக மாற்றத்தை உணரும் ஆக்சிலரோமீட்டரும் விமானம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கூட்டிக் கூட்டி இப்போது எங்கே இருக்கிறோம் என்று காட்டும். கேரசல் என்ற பெயர் ஏன் என்றால், உள்ளே அந்த உணரிகள் நிமிடத்துக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஜைரோ லேசாக வலப்பக்கம் இழுத்தால், அரைச் சுற்றுக்குப் பிறகு அதே பிழை இடப்பக்கம் இழுக்கும், இரண்டும் கழிந்துவிடும். அப்படியும் மணிக்கு ஒரு மைல் போலத் தள்ளிப்போகும். அதனால்தான் மூன்று பெட்டி. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடிக்கும். பிழையை ஒழிக்க முடியாது, சரி, சுற்றவிட்டு ஏமாற்றுவோம் என்று யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

சரி, சுவிட்சுக்கு வருகிறேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். கடை பெயர் கேட்காதீர்கள், ஏன் என்று இப்போது தெரியும். சுவிட்ச் 180 ரூபாய். நியாயம்தான், வாயைத் திறக்கவில்லை. பில் போடும்போது "எண்ட் பிளேட் வேண்டுமா சார்?" என்றார். அது என்ன என்றேன். இந்தச் சுவிட்சுகளை வரிசையாக எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் இரண்டு ஓரத்திலும் மூடும் தகடு தனியாக வரும். அது இல்லாமல் பேனலில் நிற்காது. ஜோடி 120 ரூபாய். மக்களே, இதுதான் அந்த ஜோடி, பாருங்கள். பிளாஸ்டிக். இரண்டு துண்டு பிளாஸ்டிக். உருளும் சக்கரம், உள்ளே செம்புத் தடம், நாலு தொடர்பு, பத்து எண் அச்சடித்த டிரம், எல்லாம் சேர்த்து 180. ஓரத்தில் சும்மா நிற்கும் இந்தக் காதுக்கு 120! நாலு சுவிட்ச் சேர்த்து வாங்குகிறவனுக்கும் ஒரு ஜோடி காது, ஒன்று வாங்குகிற எனக்கும் ஒரு ஜோடி. இதில் என்ன நியாயம்? நூறுக்குக் கொடுங்கள் என்றேன். அசையவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன், வேறு என்ன செய்ய?

அதே கடையில், எண் காட்டும் ஏழு துண்டு எல்இடி டிஸ்பிளே கேட்டதற்கு நீலத்தை எடுத்து நீட்டினார்கள். "பளிச்சென்று இருக்கும் சார்." இருக்கும் ஐயா, அதுதான் பிரச்சினை. பளிச்சென்ற நீல எல்இடியே 1993-இல் ஜப்பானில் வந்தது. அதற்காக 2014-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அதைக் கொண்டுபோய் 1970-களின் விமானத்தின் காக்பிட்டில் வைப்பதா? ராத்திரி பறக்கும்போது முகமெல்லாம் நீலமாக, இன்வெர்ட்டர் கடை போர்டு மாதிரி இருக்கும். வேண்டாம் என்று அம்பர், அதாவது மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், வாங்கினேன். அதை மாட்டுவது இன்னொரு வீடியோ.

இப்போது வயரிங். இந்தச் சுவிட்ச் பிசிடி வகை, அதாவது ஒவ்வொரு எண்ணையும் 1, 2, 4, 8-இன் கூட்டலாகச் சொல்லும். பின்னால் ஐந்து முனை: ஒன்று பொது, மற்ற நான்கும் 1, 2, 4, 8. சக்கரம் 5-இல் நின்றால் 4-ம் 1-ம் சேரும். 7 என்றால் 4, 2, 1 மூன்றும் சேரும். பொது முனை கிரவுண்டுக்கு, மற்ற நான்கும் புரோ மைக்ரோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டின் நாலு பின்னுக்கு. புரோ மைக்ரோ ஏன் என்றால் கம்ப்யூட்டர் அதை ஒரு ஜாய்ஸ்டிக் என்றே நினைத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். பத்து எண்ணுக்குப் பத்துப் பொத்தான். சக்கரம் எந்த எண்ணில் நிற்கிறதோ அந்தப் பொத்தான் அழுந்தியே இருப்பதாக போர்டு சொல்லும். சிமுலேட்டர் பக்கம், ஸ்கிரிப்ட் ஓட்டும் ஃப்ளைவித்லுவா என்ற பிளக்-இன்னில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அது எண்ணைப் படித்துச் சிடியுவுக்குக் கொடுக்கிறது.

அட, எந்தச் சிமுலேட்டர் என்றே சொல்லவில்லையே. எக்ஸ்-பிளேன் 12, அதற்கு ஃபெலிஸ் செய்த 747-200, வழக்கம்போல.

மாட்டியதும் ஒரு வினோதம். 7-இலிருந்து 8-க்கு உருட்டினால் நடுவில் ஒரு கணம் சம்பந்தமே இல்லாத எண் திரையில் மின்னி மறையும். 3-இலிருந்து 4-க்குப் போனாலும் அப்படியே. ஆனால் 4-இலிருந்து 5-க்கு ஒன்றும் இல்லை, சுத்தம். சுவிட்ச் மட்டமான சரக்கோ என்று அந்தக் காது வியாபாரி மேல் கோபம் கோபமாக வந்தது. உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தால் விஷயம் புரிகிறது. 7 என்பது 4, 2, 1 மூடியிருப்பது. 8 என்றால் அந்த மூன்றும் திறந்து 8 மட்டும் மூட வேண்டும். நாலு தொடர்பும் ஒரே நேரத்தில் மாற வேண்டும், ஆனால் உலோகத் தகடு ஒரே நேரத்தில் மாறாது. மூன்றும் திறந்து, 8 இன்னும் மூடாத அந்தச் சந்தில் போர்டு எட்டிப் பார்த்தால் 0 தெரியும். 4-இலிருந்து 5-க்கு ஒரே ஒரு தொடர்புதான் மாறுகிறது, அதனால் குழப்பம் இல்லை. சுவிட்சின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தீர்வு ரொம்பச் சின்னது. எண் மாறியது தெரிந்ததும் உடனே சொல்லாதே, 40 மில்லிவினாடி பொறு, அப்போதும் அதே எண் இருந்தால் மட்டும் அனுப்பு. நிரலில் மூன்று வரி. அதற்குப் பிறகு பாருங்கள், 7, 8. 7, 8. 3, 4. வெண்ணெய். நான் இதை உருட்டிக்கொண்டே இருந்ததில் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி.

ஒன்று மறந்துவிட்டேன், போர்டின் பின்களில் உள்ளேயே இருக்கும் புல்-அப்பை, அதாவது திறந்த பின்னை ஒன்றிலேயே பிடித்து வைக்கும் ரெசிஸ்டரை, இயக்கிவிடுங்கள். அப்படிச் செய்தால் மூடிய தொடர்பு பூஜ்யமாகவும் திறந்தது ஒன்றாகவும் வரும், தலைகீழ். நிரலில் திருப்பிக்கொள்ளுங்கள். அப்புறம், மின்சாரத்தை ஒரே பக்கம் விடும் டையோடு வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரே சக்கரத்துக்கு வேண்டாம். பல சக்கரங்களுக்கு ஒரே நாலு வயரைப் பொதுவாக ஓட்டினால்தான் வேண்டும்.

சரி, பறக்கலாம். மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர். சாங்கி இல்லை, பாயா லேபார். சாங்கி திறந்தது 1981-இல், அதற்கு முன்னால் பாயா லேபார்தான் சிங்கப்பூரின் விமான நிலையம். சுமார் 1,570 நாட்டிக்கல் மைல், பெரும்பகுதி வங்கக் கடல். 35,000 அடியில் இருந்தாலும், சென்னை விஓஆர், அதாவது தரையிலிருந்து வழிகாட்டும் ரேடியோ நிலையம், 200 மைல் சொச்சத்தோடு கையை விரித்துவிடும். கருவியில் சிக்னல் இல்லை என்று எச்சரிக்கைக் கொடி தெரியும், ஊசி நின்றுவிடும். ஐஎன்எஸ் பறக்க இதைவிட நல்ல பாதை கிடையாது.

இடத்தைக் கொடுக்கிறேன். கீபேடில் 2-க்கு மேல் என், 8-க்கு எஸ், 4-க்கு டபிள்யூ, 6-க்கு ஈ. திசைகாட்டியை அப்படியே எண்பலகையில் வைத்திருக்கிறார்கள், அழகு. சென்னை வடக்கு 12 டிகிரி 59 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 2, 1, 2, 5, 9, 0, இன்சர்ட். முதல் 2 வடக்கு, இரண்டாவது 2 எண். அடுத்து 6-இல் தொடங்கித் தீர்க்கரேகை. இங்கே ஒரு கவனம்: அட்சரேகையை ரொம்பத் தப்பாகக் கொடுத்தால் பூமி சுழல்வதை வைத்து ஐஎன்எஸ் கண்டுபிடித்து விளக்கைப் போடும். தீர்க்கரேகையை அப்படிக் கண்டுபிடிக்க அதற்கு வழியே இல்லை, நீங்கள் சொன்னதுதான் வேதம். அலைன்மென்ட், அதாவது ஐஎன்எஸ் தன்னைச் சமப்படுத்தித் திசையைக் கண்டுபிடிப்பது, கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் நேரத்தை வேகப்படுத்துவதில்லை என்று தெரியும், காப்பி போட்டுக்கொண்டு வாருங்கள்.

வேபாயின்ட் ஒன்பதுதான் கொள்ளும். ஒன்பதுக்கு மேல் வேண்டுமென்றால், தாண்டிப் போன 1, 2, 3-இல் புதிதாக அடிக்க வேண்டும். இங்கேதான் சக்கரத்தின் அருமை. பறந்துகொண்டிருக்கும்போது கண் வெளியே இருக்கும், கட்டைவிரல் மட்டும் டக், டக் என்று எண்ணிக்கொண்டு போகும். அந்தமான் பக்கம் வரும்போது அலர்ட் விளக்கு எரிந்தது, வேபாயின்ட்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். விமானம் தானாகத் திரும்பியது. நான் கை தட்டினேன். எடிட்டில் வெட்டவில்லை, வெட்டவும் மாட்டேன்.

அடுத்து செய்யப்போவது ஆட்டோபைலட் நாவ் செலக்டர். ஆட்டோபைலட் எதைப் பின்பற்ற வேண்டும் என்று எச்டிஜி (ஒரே திசையில் போவது), விஓஆர், ஐஎன்எஸ் என்று திருப்பும் குமிழ். 1983 செப்டம்பர் 1, கொரியன் ஏர் லைன்ஸ் 007, இதே 747-200 வகை. மூன்று ஐஎன்எஸ்ஸும் இருந்தன, ஆனால் ஆட்டோபைலட் எச்டிஜியிலேயே இருந்ததாலோ, ஐஎன்எஸ்ஸுக்கு மாற்றியபோது பாதை எட்டாத தூரத்தில் இருந்ததாலோ விமானம் பாதையைவிட்டு விலகியது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 1993 அறிக்கை சொல்கிறது. சோவியத் வான்வெளியில் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதனால் அந்தக் குமிழ் எந்த நிலையில் நிற்கிறது என்று இருட்டில் தொட்டாலே தெரிய வேண்டும் எனக்கு. லொடலொட பிளாஸ்டிக் குமிழ் வேண்டாம். ஒவ்வொரு நிலையிலும் கெட்டியாகப் பூட்டுகிற, கனமான ரோட்டரி சுவிட்ச் எங்கே கிடைக்கும் என்று கமெண்டில் சொல்லுங்கள். காதுக்குத் தனியாகக் காசு கேட்காத கடையாக இருந்தால் நல்லது.