பென் டிரைவ்ல போல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிடுச்சா? சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு முதல் கேள்வி தலவாக்கலைப் பக்கம் இருந்து ஒரு டீச்சர் அனுப்பினது. தவணைப் பரீட்சை வினாத்தாள் பிரிண்ட் எடுக்க டவுன் கொமினிகேசனுக்கு பென் டிரைவ் கொண்டு போயிருக்காங்க. வீட்டுக்கு வந்து லெப்டொப்ல போட்டா உள்ள இருந்த போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டா நிக்குது. ஃபோர்மட் பண்ணியும் பார்த்திருக்காங்க, திரும்ப ஃபைல் போட்டதும் அதே கதை. "ஃபைல் எல்லாம் போயிருச்சா? பென் டிரைவ் பழுதா? புதுசு வாங்கணுமா?" இதுதான் கேள்வி.

புதுசு வாங்க வேணாம் டீச்சர், இது ஒரு வைரஸ் பண்ணுற வேலை. ஃபோர்மட்டுக்குப் பிறகு நீங்க போட்ட ஃபைல் எல்லாம் அதுக்குள்ளயேதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாம மறைச்சு வச்சிருக்கு. ஃபோர்மட்டுக்கு முன்னாடி இருந்ததுதான் சிக்கல். அதுல ஏதாவது முக்கியமா வேணும்னா இனி அந்த பென் டிரைவ்ல ஒண்ணையும் கொப்பி பண்ணாதீங்க. ரெக்குவா, ஃபோட்டோரெக் மாதிரி ஒரு ரிக்கவரி சொஃப்ட்வெயரால தேடிப் பாருங்க. கிடைக்கிறதை லெப்டொப்ல சேவ் பண்ணுங்க, அதே பென் டிரைவ்ல சேவ் பண்ணினா மிச்சமும் அழிஞ்சிரும்.

இப்ப இந்த வைரஸ் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். விண்டோஸ்ல ஒவ்வொரு ஃபைலுக்கும் 'ஹிட்டன்', 'சிஸ்டம்'னு ரெண்டு அடையாளம் இருக்கு. வைரஸ் உங்க போல்டருக்கு ரெண்டையும் போட்டு விட்டுரும். உடனே அது மறைஞ்சிரும். அந்த இடத்துல அதே பேர்ல, அதே மஞ்சள் போல்டர் படத்தோட ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். நீங்க டபுள் க்ளிக் பண்ணினா முதல்ல வைரஸ் ஓடும், அடுத்த நொடியே உங்க உண்மையான போல்டரையும் திறந்து காட்டும். ஃபைல் வழக்கம் போல திறக்குறதால யாருக்கும் சந்தேகம் வராது.

முன்னாடி இந்தச் சுத்து வழி தேவைப்படல. பென் டிரைவைக் குத்தினாலே ஓட்டோரன்ங்கிற விண்டோஸ் வசதி வழியா தானா ஓடும். 2008ல வந்த கொன்ஃபிக்கர்ங்கிற வைரஸ் அப்படியும் பரவிச்சு. விண்டோஸ் 7ல மைக்ரோசொஃப்ட் அதை நிப்பாட்டினாங்க, 2011 பெப்ரவரியில எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அப்டேட் குடுத்து நிப்பாட்டினாங்க. அதனால இப்ப வைரஸுக்கு உங்க விரல் வேணும். நீங்க க்ளிக் பண்ணலன்னா இந்த வகை ஓடாது.

அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது? வியூல 'டீட்டெய்ல்ஸ்' போடுங்க. 'டைப்' வரிசையில 'ஃபைல் ஃபோல்டர்'னு இருந்தா சரி. 'ஷோர்ட்கட்'னு இருந்து, சைஸ் ஒண்ணு ரெண்டு கேபின்னு காட்டினா தொடாதீங்க. ரைட் க்ளிக் பண்ணி 'புரொப்பர்டீஸ்'ல 'டார்கெட்'டைப் பாருங்க, உங்க போல்டர் பேருக்குப் பதிலா 'சிஎம்டி'யோ 'டபிள்யூஸ்க்ரிப்ட்'டோ இருக்கும், ரெண்டும் கட்டளைகளை ஓட்டுற விண்டோஸ் புரோகிராம். எக்ஸ்டென்ஷன் எல்லாம் தெரியிற மாதிரி செட்டிங் மாத்தி வச்சிருக்கோம்னு நம்பி இருக்காதீங்க. ஷோர்ட்கட்டோட 'எல்என்கே'ங்கிற வாலை விண்டோஸ் அப்பவும் காட்டாது.

ஃபோர்மட் பண்ணியும் ஏன் திரும்ப வந்துச்சு? நீங்க சுத்தம் பண்ணினது பென் டிரைவை. வைரஸ் உட்கார்ந்திருக்கிறது லெப்டொப்ல. மெத்தையை வெயில்ல காயப் போட்டுட்டு, மூட்டைப்பூச்சி இருக்கிற கட்டில்லயே திரும்ப விரிச்ச மாதிரி. அதனால முதல்ல லெப்டொப், பிறகுதான் பென் டிரைவ். இந்த வரிசையை மாத்தினா பின்னேரம் முழுக்க மினக்கெட்டது வீணாப் போகும்.

பென் டிரைவைக் கழட்டி வைங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். 'டீட்டெய்ல்ஸ்'ல டபிள்யூஸ்க்ரிப்ட் ஓடுதான்னு பாருங்க. வீட்டு லெப்டொப்ல அது சும்மா ஓடிட்டே இருக்க காரணமே இல்ல. இருந்தா 'எண்ட் டாஸ்க்' குடுங்க. 'ஸ்டார்ட்அப்' பகுதியில உங்களுக்குத் தெரியாத ஸ்க்ரிப்ட் இருந்தா 'டிஸேபிள்' பண்ணுங்க.

அடுத்தது ஸ்கேன். அதுக்கு முன்னாடி ஒரு இடம் பார்க்கணும், நிறையப் பேர் இதைத்தான் விட்டுடுறாங்க. விண்டோஸ் செக்கியூரிட்டியில 'வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதுல 'மேனேஜ் செட்டிங்ஸ்', கீழ போனா 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. இது, ஸ்கேன் பண்ண வேணாம்னு விட்ட இடங்களோட பட்டியல். க்ரெக் பண்ணின விண்டோஸ், க்ரெக் பண்ணின ஒஃபிஸ் போட்டுக் குடுக்கிறவங்க, லைசென்ஸ் இல்லாம அதை ஓட வைக்கிற அக்டிவேட்டரை, விண்டோஸோட சொந்த வைரஸ் கார்டான டிஃபெண்டர் பிடிச்சிரும்னு சில நேரம் சி டிரைவ் முழுசையும் இதுல சேர்த்து விட்டுருவாங்க. அப்புறம் நீங்க நூறு தடவை ஸ்கேன் பண்ணினாலும் 'நோ த்ரெட்ஸ்'தான். அங்க ஏதாவது இருந்தா எல்லாத்தையும் 'ரிமூவ்' பண்ணுங்க. காலாவதியான வேற வைரஸ் கார்ட் ஏதாவது கிடந்தா அதையும் அன்இன்ஸ்டோல் பண்ணிருங்க. அது இருந்தா டிஃபெண்டர் ஒதுங்கி நிக்கலாம்.

பிறகு 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்'ல 'மைக்ரோசொஃப்ட் டிஃபெண்டர் ஒஃப்லைன் ஸ்கேன்' தெரிவு செய்யுங்க. மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புறதுக்கு முன்னாடியே தேடும். சுமார் 15 நிமிஷம் எடுக்கும். சார்ஜரைக் குத்தி வைங்க, மழை நேரம் கரண்ட் போறது உங்களுக்குப் புதுசில்லையே. வைரஸ் மெமரியில ஓடாத நேரத்துல தேடுறதுதான் இதுல உள்ள லாபம். முடிஞ்சதும் ஒரு 'ஃபுல் ஸ்கேன்' போட்டு விடுங்க.

இப்ப பென் டிரைவைக் குத்துங்க. எதையும் திறக்காதீங்க, அதுக்கு என்ன எழுத்து வந்திருக்குன்னு மட்டும் பாருங்க. ஈன்னு வச்சுக்குவோம். ஸ்டார்ட்ல சிஎம்டின்னு அடிச்சு கமாண்ட் ப்ரொம்ப்டைத் திறங்க. நான் வாசிக்கிறேன், மெதுவா டைப் பண்ணுங்க: அட்ரிப், அதாவது ஏ, டி, டி, ஆர், ஐ, பி. ஸ்பேஸ். மைனஸ் எச். ஸ்பேஸ். மைனஸ் ஆர். ஸ்பேஸ். மைனஸ் எஸ். ஸ்பேஸ். ஸ்லாஷ் எஸ். ஸ்பேஸ். ஸ்லாஷ் டி. ஸ்பேஸ். ஈ, கோலன், பேக்ஸ்லாஷ், ஸ்டார், டொட், ஸ்டார். என்டர்.

மைனஸ் எச் ஹிட்டனை எடுக்கும், மைனஸ் எஸ் சிஸ்டத்தை எடுக்கும். எச் மட்டும் போட்டா 'நொட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்'னு சொல்லி நின்னுரும். புரொப்பர்டீஸ்ல போய் ஹிட்டன் டிக்கை எடுக்கப் பார்த்தா அது மங்கலா இருந்து அமுங்காததும் இதே காரணத்தாலதான். ஒரு எச்சரிக்கை: ஈக்குப் பதிலா சின்னு அடிச்சிராதீங்க, விண்டோஸோட ஃபைல் எல்லாம் வெளியில வந்து நிக்கும்.

இப்ப உங்க போல்டர் எல்லாம் தெரியும். சில வகை வைரஸ் பேரே இல்லாத ஒரு போல்டரை உண்டாக்கி எல்லாத்தையும் அதுக்குள்ள தள்ளி வச்சிருக்கும். அப்படி இருந்தா திறந்து உங்க ஃபைலை வெளியில எடுத்துக்குங்க. ஷோர்ட்கட் எல்லாத்தையும், நீங்க போடாத 'விபிஎஸ்'னு முடியிற ஸ்க்ரிப்ட் ஃபைலையும் டிலீட் பண்ணுங்க. 'சிஸ்டம் வொல்யூம் இன்ஃபர்மேஷன்'னு ஒரு போல்டரும் தலை காட்டலாம். அது விண்டோஸ் போடுறது, பயப்பட வேணாம்.

நாளைக்குக் காலையில பரீட்சை, லெப்டொப்பைச் சுத்தம் பண்ண நேரமில்லன்னா? ஃபோன்ல பென் டிரைவ் குத்துறதுக்கான ஓடிஜி அடப்டர் ஒண்ணு எடுத்து பென் டிரைவை ஆண்ட்ரொய்ட் ஃபோன்ல குத்துங்க. விண்டோஸ் வைரஸ் ஃபோன்ல ஓடாது. மறைஞ்ச போல்டரும் பொதுவா அங்க நேராவே தெரியும், பொய் ஷோர்ட்கட் எல்லாம் எல்என்கே வாலோட காட்டிக் குடுத்துரும். உங்க டொக்கியூமென்டை மட்டும் ஃபோனுக்கு கொப்பி பண்ணிக்குங்க. கடையில இருந்து வந்த பென் டிரைவை வீட்டு மெஷின்ல குத்துறதுக்கு முன்னாடி இப்படி ஒரு தரம் பார்த்துக்கிறதும் நல்ல பழக்கம்.

இனி கடைக்குப் போறப்ப. கொமினிகேசன் மெஷின்ல ஒரு நாளைக்கு எத்தனை பேரோட பென் டிரைவ் ஏறி இறங்குது, கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல. பிரிண்டுக்குன்னு ஒரு சின்ன பென் டிரைவைத் தனியா வைங்க, அதுல அன்னைக்கு எடுக்க வேண்டிய ஃபைல் மட்டும் இருக்கட்டும். இதை விட நல்லது, மைக்ரோ எஸ்டி கார்டை பெரிய அடப்டர்ல போட்டுக் கொண்டு போறது. அடப்டர் பக்கவாட்டுல ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அதை 'லொக்' பக்கம் தள்ளினா அதுல எழுத முடியாது. ஆனா அதை மதிக்க வேண்டியது கார்ட் ரீடர்தான், பெரும்பாலான ரீடர் மதிக்கும். சாதாரண பென் டிரைவ்ல இந்த ஸ்விட்ச் அனேகமா இருக்காது.

வினாத்தாளை வேர்ட் ஃபைலா கொண்டு போகாதீங்க, பிடிஎஃப் ஆக்கிக்குங்க. பாமினியில டைப் பண்ணினது, அந்த ஃபொன்ட் இல்லாத மெஷின்ல இங்கிலீஷ் எழுத்தா சிதறி வரும். பிடிஎஃப்ல ஃபொன்ட் உள்ளேயே இருக்கும். வேர்ட்ல 'சேவ் ஏஸ்' பிடிஎஃப் குடுக்கிறப்ப 'ஒப்ஷன்ஸ்'ல பாஸ்வேர்ட் போடுற இடமும் இருக்கு. பாஸ்வேர்டை கடையில நீங்களே அடிங்க. கடை வட்ஸ்அப்புக்கு அனுப்புறது லேசுதான், ஆனா அது அவங்க மெஷின்ல 'டவுன்லோட்ஸ்'ல தங்கிரும். நீங்க பிறகு 'டிலீட் ஃபோ எவ்ரிவன்' குடுத்தாலும் அந்தக் கொப்பி போகாது. பரீட்சைக்கு முன்னாடி வினாத்தாளோ, உங்க அடையாள அட்டை கொப்பியோ அப்படிக் கிடக்கிறது நல்லதில்ல.

கடைசியா, நீங்க பாவிக்கிறது விண்டோஸ் 10னு எழுதியிருக்கீங்க. அதுக்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்துல 'என்ரோல்'னு இருந்தா அதுல சேர்ந்துக்குங்க. மைக்ரோசொஃப்ட் அக்கவுன்ட்டோட செட்டிங்ஸை பேக்அப் பண்ண விட்டா காசில்லாம 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் வரும். டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரைக்கும் புதுப்பிக்கப்படும்னு அறிவிச்சிருக்காங்க. விண்டோஸ் 7 வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொன்ன ஸ்கேன் சரிவராது, அதுல இருக்கிற டிஃபெண்டர் ஸ்பைவெயர் மட்டும் பார்க்கிற பழைய ஒண்ணு. அவங்க ஃபைலை மேல சொன்ன மாதிரி மீட்டுக்கிட்டு, மெஷினைப் புதுசா இன்ஸ்டோல் பண்ணுறதே சுருக்கமான வழி. சரி, அடுத்த கேள்வி பண்டாரவளையில இருந்து.