மருமகள் பாதம்தான் என் கல்லறை! 77 வயசு மாமனாரின் விபரீத ஆசை

[திரையில்: சிவப்பு மையில் பதிந்த ஒரு பாதம்]

செத்த பிறகும் மருமகள் தன்னை மிதிச்சுக்கிட்டே இருக்கணும். இதுதான் இந்தப் பெரியவரோட கடைசி ஆசை!

ஜுனிசிரோ தனிஸாகி 1961-62ல ஜப்பானிய மொழியில தொடரா எழுதின நாவல், 'பித்துக் கிழவனின் நாட்குறிப்பு'. 1965ல இங்கிலீஷுக்குப் போச்சு. பின்னணி போதும், பாதத்துக்கு வருவோம்.

பஞ்சை பட்டுத்துணியில பொதிஞ்சு, சிவப்பு மையில தொட்டு, மருமகள் சத்சுகோவோட உள்ளங்கால்ல ஒத்தணும். அப்புறம் தாள்ல பதிக்கணும். மை கூடினா விரல் இடுக்குல அப்பிக்கும். குறைஞ்சா உள்ளங்கால் குழிவு விழாது. நல்ல பதிவு கிடைச்சா, அதைப் புத்தர் பாதமா கல்லுல செதுக்கி, அடியில தன்னைப் புதைக்கணுமாம். ஜப்பான்ல புத்தர் பாதக் கல் கும்பிடுற பொருள். நாராவின் யகுஷிஜி கோயில்ல இருக்கிறது 753ஆம் வருஷத்துது. பக்தியையும் காமத்தையும் ஒரே அச்சுல வார்க்கிற கிழவர்!

மருமகளுக்கு 15 காரட் வைடூரியம், 30 லட்சம் யென். பெத்த மகள் கடன் கேட்டா கிடையாது. கஞ்சத்தனத்துலயும் ஒரு ரசனை.

இப்போ, மொழிபெயர்ப்புல காணாமப் போன ஜோக். ஜப்பானிய மொழிக்கு ஹிராகானா, கதகானான்னு ரெண்டு ஒலியெழுத்து வரிசை உண்டு. கிழவர் டைரியை கதகானாவுல எழுதுறார். 1961ல சாதாரண எழுத்து ஹிராகானாதான். கதகானா கலந்த நடை, ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின சட்டம், அரசாணையோட நடை. அந்த விறைப்பான எழுத்துல காலை முத்தமிட்டதைப் பதிவு பண்றார்! இங்கிலீஷுக்கு இருக்கிறது ஒரே எழுத்து வரிசை, அங்கே இது செத்துப்போச்சு. தமிழுக்கும் எழுத்து ஒண்ணுதான், ஆனா நம்மகிட்ட பத்திரத் தமிழ் இருக்கே! "மேற்படி மருமகளின் மேற்படி வலது பாதத்தை, நாளது தேதியில், பூரண சுயநினைவுடன் முத்தமிட்டேன்." தமிழ்ல கொண்டுவர்றவங்க தயவுசெஞ்சு இதை எடுத்துக்கோங்க, காப்புரிமை கேட்கமாட்டேன்.

ஒரு யோசனை: மாத்திரைப் பேர், ரத்த அழுத்தக் கணக்கெல்லாம் வந்தா பக்கத்தைத் தள்ளாதீங்க. கிளுகிளுப்பு முடிஞ்ச கையோட பிரஷர் எகிறுதே, சிரிப்பு அங்கேதான் இருக்கு. அந்த வரிகளைத் தாண்டினா மிஞ்சுறது வெறும் ஆபாசம். கடைசிப் பக்கங்கள்ல கிழவர் குரலே கிடையாது. நர்ஸ், டாக்டர், மகள் குறிப்புகள். நாம அதுவரைக்கும் ரசிச்ச ஆசை அங்கே நோய்க்குறிப்பாயிடுது. எனக்கு நாவலோட உச்சமே அதுதான்.

தனிஸாகியோட சொந்தக் கல்லறை கியோட்டோ ஹோனென்இன் கோயில்ல இருக்கு. கல்லுல பாதம் இல்லை. 'ஜாகு', அமைதி, ஒரே ஒரு எழுத்து.

[திரையில்: அந்தக் கல்]

உங்க 'மேற்படி' வாக்கியத்தைக் கமெண்ட்ல போடுங்க. வீட்டுப் பெரியவங்க பார்க்காத நேரமா பாருங்க!