லெகோவுக்குள்ள ரப்பர் இருக்கு! அப்போ பழைய டயரை ஏன் பிளாஸ்டிக்ல கலக்க முடியலை?

(காட்சி: தரையில் ஒரு லெகோ கட்டை. மேலே ஒரு வெறுங்கால்.)

இதை மிதிச்சவங்களுக்குத் தெரியும். உயிர் போகும், ஆனா கட்டைக்கு ஒண்ணும் ஆகாது. காரணம், உள்ளே ரப்பர் இருக்கு! 1963-ல இருந்து லெகோ பண்றது ஏபிஎஸ் பிளாஸ்டிக்ல. நடுவுல இருக்கிற 'பி', பியூட்டாடையீன் ரப்பர். அது இல்லைன்னா பட்டுன்னு தெறிச்சிடும்.

சரி, பழைய டயர்தான் மலை மலையா கிடக்கே, அரைச்சு பிளாஸ்டிக்ல போட்டா அதே உறுதி வரணுமே? வராது. சும்மா அள்ளிக் கொட்டினா, பிளாஸ்டிக் முன்னைவிட மோசமாயிடும்.

வரலாறு ஒரே வரி: 1839-ல சார்லஸ் குட்இயர், ரப்பர்ல கந்தகம் சேர்த்துச் சூடாக்கினா உறுதியாகுதுன்னு கண்டுபிடிச்சார். அவ்வளவுதான்.

இப்ப இட்லிக்கு வருவோம்.

(காட்சி: ஆவி பறக்கும் இட்லித் தட்டு.)

பாலிஎத்திலீன் மாதிரி பிளாஸ்டிக் வெல்லப்பாகு. சூடு பண்ணா இளகும், ஆறினா இறுகும், திரும்பவும் இளக்கலாம். ரப்பர் அப்படி இல்லை, அது இட்லி. ரப்பர்ங்கிறது நீள நீளமான மூலக்கூறு இழைங்க. கந்தகம் இழைக்கு இழை பாலம் போட்டாச்சுன்னா, வெந்த இட்லி மறுபடி மாவாகாது. இன்னும் சூடாக்கினா கருகும். மிஞ்சின இட்லியை வீட்ல என்ன பண்ணுவாங்க? உதிர்த்து உப்புமா! டயர் தூளும் அதேதான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? சூடான இட்லி கையில பிசுபிசுன்னு ஒட்டும். ஃபிரிட்ஜ்ல வச்ச இட்லிதான் அழகா உதிரும். டயரையும் குளிர வச்சு உடைக்கிற முறை இருக்கு. திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி! அந்தக் குளிர்ல ரப்பர் கண்ணாடி மாதிரி ஆயிடும், தட்டினா அப்பளமா நொறுங்கும். எனக்கு இட்லி உப்புமா சுத்தமா பிடிக்காது. ஆனா இதைப் படிச்சப்போ கொஞ்சம் மரியாதை வந்துச்சு.

அப்புறம் எங்க சொதப்புது? லெகோவுக்குள்ள இருக்கிற ரப்பர் துளி பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ. டயர் தூள் சாதாரணமா சில நூறு மைக்ரான். நம்ம தலைமுடியே கிட்டத்தட்ட 70 மைக்ரான்தான்! அதைவிடப் பெரிய பிரச்சனை, பிடிப்பு. ஏபிஎஸ்-ல ரப்பர் மேலேயே பிளாஸ்டிக் இழைகளை வேதியியல் முறையில வளர்த்து விடுறாங்க. டயர் தூளோ, கல்யாண வீட்ல கோவிச்சுக்கிட்ட மாமா மாதிரி. உள்ளே இருப்பார், யாரோடயும் ஒட்ட மாட்டார். இழுத்தா தூளைச் சுத்தி இடைவெளி விழும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சமாதானம் பேச ஆள் உண்டு: மெலீக் அன்ஹைட்ரைடுங்கிற வேதிப்பொருள் சேர்த்த பாலிஎத்திலீன். கொஞ்சம் கலந்தா ஒட்டுதல் கூடும். மைக்ரோவேவ், அல்ட்ராசவுண்ட் வச்சுக் கந்தகப் பாலத்தையே அறுக்கவும் பார்க்கிறாங்க. ஆனா பாலத்தோட சேர்ந்து ரப்பர் இழையும் அறுந்துடுது.

என்னைக் கேட்டா, டயர் தூள் கலந்த பிளாஸ்டிக்ல நாற்காலி பண்ண வேண்டாம். தரை விரிப்பு, வேகத்தடை, அங்கெல்லாம் ஜோரா உழைக்கும். கலர் மட்டும் கேட்காதீங்க. டயர்ல கார்பன் கருப்பு இருக்கிறதால எது பண்ணாலும் கருப்புதான்.

இட்லி உப்புமா ரசிகர்கள் கமெண்ட்ல வந்து திட்டலாம். திட்டுறதுக்கு முன்னாடி ஒரு லைக்!