அக்காவின் பட்டியல் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில், வேலைக்கு ஆட்கள் கூடும் காலைப் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை பேர் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாதக் கடைசியில் ஒரு பேர் விடுபட்டிருந்தால் அம்மா இரவெல்லாம் தூங்கமாட்டார். மழையில் நனைந்து கொழுந்து பறித்திருந்தாலும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. இன்று அலுவலகங்களின் மையக் கணினிகளான சேர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். பதிவு ஒன்று காணாமற்போனது என்று யாராவது சொன்னால் இன்றும் அம்மாவின் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் தொடர்பாடல் சேர்வரை மாற்றினேன். பழையது மைக்ரோசொப்டின் லிங்க் 2010 என்ற மென்பொருள். உடனடிச் செய்தி, தொலைபேசி அழைப்பு, இணையவழிக் கூட்டம் மூன்றும் அதன் வழியாகவே நடந்தன. சனிக்கிழமை இரவு தொடங்கிய வேலை ஞாயிறு மாலை முடிந்தது. கணக்குகள் திறந்தன, பெயர்கள் சரியாக இருந்தன, அழைப்புகள் போயின. திங்கள் காலை நலன்புரிப் பிரிவு அக்கா வந்து நின்றார். "தம்பி, என்னுடைய பட்டியல் எங்கே?" என்று கேட்டார்.

அவருடைய திரையில் ஒரு பெயர்கூட இல்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு குழு வைத்து, அதற்குள் தோட்ட வைத்தியர், எழுதுவினைஞர், வெளிக்கள உத்தியோகத்தர் என்று ஆட்களை அடுக்கியிருந்தார். இரவில் யார் பதில் சொல்வார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வரிசை. பிரசவ வலியோடு ஒருத்தியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டிய வேளையில் அவர் கை தானாகப் போகும் இடம் அது. ஏழு வருட உழைப்பு. பழைய சேர்வரின் வன்தட்டை நான் முந்திய இரவே அழித்திருந்தேன். தவறு முழுக்க என்னுடையது.

எங்கே பிழைத்தேன் என்று விளக்குகிறேன். இதே வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு பயனரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவை ஆக்டிவ் டிரெக்டரி என்ற அலுவலகப் பொதுக் கணக்குப் பதிவேட்டில் இருக்கின்றன. அதனால்தான் புதிய சேர்வரில் பெயர்கள் தெரிந்தன, நானும் எல்லாம் வந்துவிட்டது என்று ஏமாந்தேன். அவர் தாமே சேர்த்த தொடர்புகளும், பிரித்த குழுக்களும், முன்கூட்டியே குறித்துவைத்த கூட்டங்களும் தொடர்பாடல் சேர்வரின் சொந்தத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கூட்டங்களில் ஏற்றிய கோப்புகள் பகிர்வுக் கோப்புறையில் தனியாகக் கிடக்கின்றன. பழைய உரையாடல்கள், சேமிக்கப்பட்டிருந்தால், மின்னஞ்சல் சேர்வரான எக்ஸ்சேஞ்சின் அஞ்சற்பெட்டியில் இருக்கும். லிங்க் 2013இலிருந்து தொடர்புப் பட்டியலையே எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றிவைக்கும் வசதியும் வந்துவிட்டது. அப்படி மாற்றியிருந்தால் சேர்வரில் எடுக்கும் பிரதியில் அந்தப் பட்டியல் இருக்காது. ஒரே இடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பிரதி எடுக்கும் கட்டளை பெரிய விடயமல்ல. லிங்க் 2010இல் டிபிஇம்பெக்ஸ்ப் என்ற சிறு கருவி போதும். 2013இலிருந்து எக்ஸ்போர்ட் சிஎஸ் யூசர்டேட்டா என்ற கட்டளை பயனர் தரவைச் சுருக்கி ஒரே ஸிப் (zip) கோப்பாகத் தந்துவிடும்.

இதை இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. லிங்குக்கு அடுத்து வந்த ஸ்கைப் ஃபோர் பிசினஸ் சேர்வரின் 2015, 2019 ஆகிய இரண்டு பதிப்புகளுக்கும் மைக்ரோசொப்டின் ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அவற்றில் இருக்கும் அலுவலகங்கள் நகர்ந்தே ஆகவேண்டும். பழையதிலேயே தங்கியிருந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடே பார்த்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சல் கட்டமைப்பு கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. அப்போது அது, ஆதரவு முடிந்துவிட்டிருந்த எக்ஸ்சேஞ்ச் 2013இல் ஓடிக்கொண்டிருந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான காலத்துக்குத் தனியாக வைத்த பிரதி இல்லை. சுமார் 5,000 முகவரிகளின் மூன்று மாதத்துக்கும் மேலான மின்னஞ்சல்கள் போயின. சேர்வரோடு இணைந்திருந்த காப்புப்பிரதியையும் தீநிரல் பூட்டிவிட்டது. அந்தச் செய்தியை வாசித்த அன்று எங்கள் அலுவலகப் பிரதிகளில் ஒன்றை வலையமைப்பிலிருந்து கழற்றி வெளியே வைத்தேன்.

திட்டத்தை நான் இப்போது மனிதர்களிடமிருந்து தொடங்குகிறேன். மேம்படுத்தலுக்கு மூன்று வாரம் முன்பே ஒரு கொப்பியோடு மேசை மேசையாகப் போகிறேன். காலையில் வந்ததும் திரையில் முதலில் எதைத் திறக்கிறீர்கள், எது இல்லாவிட்டால் வேலை நிற்கும் என்று கேட்கிறேன். முகாமையாளரைவிட வரவேற்பு மேசையில் இருப்பவரிடமும் நலன்புரி எழுதுவினைஞரிடமும்தான் அதிகம் தெரியவருகிறது. எந்த ஆவணத்திலும் இல்லாத குழுக்கள் அவர்களிடம் இருக்கின்றன. அவர்கள் சொல்வது ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தத் தரவு எங்கே இருக்கிறது, எதனால் பிரதி எடுப்பது என்று எழுதிக்கொள்கிறேன். எதிரே எழுத எதுவும் இல்லாத வரி ஒன்று இருந்தால்கூட வேலையைத் தொடங்குவதில்லை. திகதியைத் தள்ளிவைக்கச் சொல்லி நிர்வாகத்தோடு சண்டை போட்டதும் உண்டு.

பிரதியை எப்போது எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புதன்கிழமை எடுத்துவிட்டு ஞாயிறு மாற்றினால் இடையில் சேர்த்த தொடர்புகள் போய்விடும். புதனன்று ஒன்று எடுங்கள். எல்லோரும் வெளியேறிய சனி இரவு கடைசியாக இன்னொன்று எடுங்கள்.

அடுத்தது, எடுத்த பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்ப்பது. பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலை இதுதான். ஒரு சோதனைக் கணக்கில் நான்கு தொடர்புகளையும் இரண்டு குழுக்களையும் போடுங்கள், பிரதி எடுங்கள், அவற்றை அழியுங்கள், பிறகு அப்டேட் சிஎஸ் யூசர்டேட்டா கட்டளையால் அந்த ஒரு பயனருக்கு மட்டும் திருப்பிக் கொண்டுவாருங்கள். இதற்குப் பதிலாக இம்போர்ட் சிஎஸ் யூசர்டேட்டா கட்டளையைப் பயன்படுத்தினால் சேர்வரின் சேவைகளை மீளத் தொடக்கவேண்டியிருக்கும், அப்டேட்டுக்கு அது தேவையில்லை. குழுவின் பெயர் தமிழில் இருந்தால் எழுத்து சிதையாமல் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

பிரதி எங்கே இருக்கவேண்டும்? அதே கட்டடத்தில் ஒன்று போதாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததை இங்கே யாரும் மறக்கமாட்டோம். உயிர்களோடும், தோட்டக் குடியிருப்புகளான லயங்களோடும், பெட்டிக்குள் பத்திரமாக வைத்த பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. மழைக்காலத்தில் பாதை மூடினால் நாட்கணக்கில் எவரும் வரமுடியாத அலுவலகங்கள் நம்முடையவை. ஆகவே ஒரு பிரதி கண்டியிலோ கொழும்பிலோ இருக்கட்டும். அதைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்புங்கள், உள்ளே இருப்பது மற்றவர்களின் பெயர்களும் இலக்கங்களும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நமக்கு இருக்கிறது.

பழைய சேர்வரை உடனே அழிக்காதீர்கள். நான் ஒரு மாதம் அணைத்து வைத்திருக்கிறேன். மாற்றிய பின் வரும் திங்கட்கிழமை ஏழு மணிக்கே அலுவலகத்துக்குப் போய்விடுகிறேன். அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் ஒரு தங்கை இருக்கிறாள். அவள் கணினியைத் திறக்கும்போது பின்னால் நின்று, தோட்டம் தோட்டமாகப் பெயர்கள் திரையில் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிக்கப் போகிறேன். வணக்கம்.