மூங்கில் உரசிய தீ அன்று

நேயர்களுக்கு வணக்கம். மாசி, பங்குனி மாதங்களில் தேனிச் சாலையில் இரவுப் பயணம் செய்தவர்கள், மலைச்சரிவில் மாலை கோத்தாற்போல் தீ ஊர்ந்து செல்வதைக் கண்டிருப்பார்கள். 'மூங்கில் உரசிப் பிடித்திருக்கும்' என்பார் பக்கத்து இருக்கைக்காரர். சிறு வயதில் நானும் அதை நம்பியவன்தான். உண்மையில் நம் நாட்டுக் காட்டுத்தீயில் மிகப் பெரும்பான்மை மனிதர் கையால் மூள்வது. இளம்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ப்பவர் வைத்த தீயாக இருக்கலாம். தோட்டத்துச் சருகைக் கொளுத்தியபோது கைமீறியதாகவும் இருக்கலாம்.

ஆனால் கொளுத்தும் பழக்கம் புதிதன்று. காட்டை எரித்துத் தினைப்புனம் திருத்திய குறவரைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடிகளான சோலிகர்கள், கோடை முற்றுமுன் சருகை மட்டும் மேலோட்டமாக எரித்து வந்தார்கள். அது தடுக்கப்பட்டதால்தான் உண்ணிச்செடி புதராக மண்டியது என்பது அவர்கள் வாதம்; அதில் நியாயம் உண்டென்றே கருதுகிறேன். தரையோடு போன தீ, இன்று அந்தப் புதரைப் பற்றிக்கொண்டு கிளைக்கு ஏறுகிறது.

தீ வைக்கும் கை பழையது என்றாலும், அது விழும் காடு மாறிவிட்டது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். மழையற்ற மாதங்களில் அந்த ஈரத்தைப் புல்லிலிருந்தும் சருகிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பெய்த மழையில் ஆள் உயரம் வளர்ந்த புல், தைக்குப் பிறகு தூறலே இல்லாமல் காய்ந்தால், அந்த நல்ல மழையே எரிபொருளை வளர்த்துக் கொடுத்ததாகிவிடும். சரிவில் தீ, தனக்கு மேலிருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டு, மனிதர் ஓடுவதைவிட விரைவாக மேலேறும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

உலகக் கணக்கு சற்று வியப்பானது. 1998 முதல் 2015 வரை உலகில் ஆண்டுதோறும் எரியும் பரப்பு ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. புல்வெளிகள் வயல்களானதே முதற்காரணம். அதற்காக நிம்மதி கொள்ள இயலாது. எரியும் இடம் புல்வெளியிலிருந்து காட்டுக்கு நகர்கிறது. கனடாவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் எரிந்தது ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர், அதாவது தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம்.

இன்று செயற்கைக்கோள் தீயைக் கண்டதும் வனத்துறையின் செல்பேசிக்குச் செய்தி வருகிறது. வந்த பிறகும், தீயை அடித்து அணைக்கப் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு மேகமலைச் சரிவில் நடந்துதான் ஏறவேண்டும், அதற்கு மணிக்கணக்காகும். ஆகவே தீ தாண்டாதபடி புல்லும் சருகும் அகற்றிய பட்டைகளான தீத்தடுப்புக் கோடுகளைப் பங்குனியில் அல்ல, தையிலேயே செதுக்கி முடிக்கவேண்டும். எந்தச் சரிவில் காற்று எப்பக்கம் திரும்பும் என்றறிந்த மலையடிவார ஊர்க்காரர்களுக்கே அந்த வேலையை, உரிய கூலியோடு, தரவேண்டும்.