வினையூக்கி செலவாகாது என்றால் அதை ஏன் மாற்ற வேண்டும்?

கோத்தகிரியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் சந்தேகத்தை இப்போது எடுத்துக்கொள்வோம். "எங்கள் பக்கம் மண்டிக் கிடக்கும் சீகை மரத்தையும் உண்ணிச்செடியையும் வாயுவாக்கி டீசல் எடுக்கலாம் என்கிறீர்கள். வினையூக்கி வினையில் செலவாவதில்லை என்றுதானே பள்ளியில் படித்தோம், பிறகு ஏன் அதை மாற்ற வேண்டியிருக்கிறது?" என்பது அவருடைய கேள்வி.

படித்தது சரிதான், ஆனால் வினையூக்கியின் மேற்பரப்புக்கு என்ன நேர்கிறது என்பதை அந்தப் பாடம் சொல்வதில்லை. 1920-களில் ஜெர்மனியில் பிஷர், டிராப்ஷ் என்ற வேதியியலாளர்கள் உருவாக்கிய முறையில், மரத்தை வாயுவாக்கும்போது கிடைக்கும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் வினையூக்கியான கோபால்ட் அல்லது இரும்பின்மேல் சேர்ந்து, டீசலாகக்கூடிய நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளாகின்றன. கோபால்ட்டை அலுமினா போன்ற நுண்துளைகள் நிறைந்த தாங்கியின்மேல் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகப் பரப்பியிருப்பார்கள். அத்துகள்களின் வெளிப்புற அணுக்கள் மட்டுமே வேலை செய்கின்றன என்பதால், அவற்றை மறைக்கும் எதுவும் உற்பத்தியைக் குறைத்துவிடும்.

வினையில் உண்டாகும் மெழுகு துளைகளை அடைக்கும், கார்பன் படியும். இவை பெரிய கவலையல்ல. மெழுகை நீக்கி, கார்பனைக் காற்றில் கட்டுப்பாட்டுடன் எரித்து, மீண்டும் ஹைட்ரஜனால் ஒடுக்கினால் (அதாவது ஒட்டிய ஆக்சிஜனை நீக்கினால்) செயல்திறன் பெருமளவு திரும்பும். வினை வெளியிடும் வெப்பம், ஒரு மோல் கார்பன் மோனாக்சைடுக்குச் சுமார் 165 கிலோஜூல், சரியாக வெளியேற்றப்படாவிட்டால் சிறு துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மேற்பரப்பு சுருங்குகிறது. கூடவே உண்டாகும் நீராவியும் இதை விரைவுபடுத்துகிறது.

கந்தகம்தான் உண்மையான எதிரி. வாயுவில் அது ஹைட்ரஜன் சல்பைடாக வந்து கோபால்ட்டோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. வழக்கம்போல ஹைட்ரஜனைச் செலுத்திச் சுத்தம் செய்தாலும் அது அசைவதில்லை. ஆகவே வாயுவில் அதை நூறு கோடியில் சில பத்துப் பங்குகளுக்குள் வைத்திருக்கவே முயல்கிறார்கள். நிலக்கரியைவிட மரத்தில் கந்தகம் குறைவு என்பது உண்மையே. ஆனாலும் அந்தக் குறைவு இந்த அளவுக்குப் போதாது. போதாக்குறைக்குத் தாரும், பொட்டாசியமும், குளோரினும் சேர்ந்து வருகின்றன.

பொட்டாசியமும் குளோரினும் தண்டைவிட இலையிலும் பட்டையிலும்தான் அதிகம். வெட்டிய உண்ணிச்செடியை இலையோடு அப்படியே வாயுவாக்கும் உலையில் போடுவதைவிட, காயவைத்து இலையை உதிர்த்துவிட்டுத் தண்டை மட்டும் போடுவது வினையூக்கிக்கு நல்லது. என் பார்வையில், இத்தகைய ஆலையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வினைக்கலன் அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் வாயு சுத்திகரிப்புப் பகுதிதான். அங்கே கந்தகத்தைக் கடைசியாகப் பிடிக்கும் துத்தநாக ஆக்சைடு படுகையையும் அது நிறைவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். விலை உயர்ந்த கோபால்ட்டை இழப்பதைவிட அந்தச் செலவு மிகவும் குறைவு.